எக்ஸ் அழுத்தியும் போகாத பேனல்கள்

பேனலின் வலது மேல் மூலையில் சின்னதாக ஓர் எக்ஸ் குறி இருக்கும். அதை அழுத்தினால் பேனல் மூடும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்த எக்ஸால்தான் என் வேலை போகப் பார்த்தது. பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் படித்ததற்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது என்று நினைக்கிறேன்.

பாயான் பாருவில், கார் சாமான் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஏர்கான் ஒழுகும் இடத்தில் நிரந்தரமாக ஒரு வாளி வைத்திருக்கும் கம்பெனி. பக்கத்து ஃபேக்டரிகளில் சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கும் மெஷின்கள் இருக்கின்றன. அந்த மெஷின்கள் என்ன சொல்கின்றன என்பதைத் திரையில் காட்டும் மென்பொருளை நாங்கள் எழுதுகிறோம். ஒரு மெஷினுக்கு ஒரு பேனல். பேனலைத் திறந்தால் அது அந்த மெஷினைப் பிடித்துக்கொள்ளும்; விடும்வரை வேறு யாருக்கும் அந்த மெஷின் கிடைக்காது. பேனல்களைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம், பெரிதாக்கலாம், அதில் குறிப்பு எழுதலாம், மூடலாம். மூடலாம் என்பதை மட்டும் நாங்கள் ஒரு பேச்சுக்குத்தான் சொல்லியிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது தற்காலிகம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சேர்த்தார்கள். ஆறு மாதம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "டெக்னிக்கலா ஓகே. வாய்தான் கொஞ்சம்..." என்று எங்கள் டீம் லீடர் அண்ணன் இழுத்தார். கேட்டதே தப்பு போலிருக்கிறது.

நிரந்தரம் ஆகாவிட்டால் எங்கே போவது என்ற கவலை எனக்கு இல்லை. எங்கள் அப்பா அதற்கு ஏற்பாடு செய்துவிட்டார். லிட்டில் இந்தியாவில் அவருக்குத் துணிக்கடை. கல்லாவில் இருந்த பெண் கல்யாணம் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனபோது அப்பா நாற்காலி மேல் ஏறி நின்று கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா இது?"

"சும்மாதான். பேக் மாட்ட."

"யாரு பேக்?"

"யாரு பேக்கா இருந்தா என்ன லா. ஆணி எல்லா பேக்கையும் தாங்கும்."

எனக்குத் துணிக்கடை மேல் வெறுப்பு கிடையாது. ஆனால் நாள் முழுக்க ஒரே புடவையை நாற்பது விதமாக விரித்துக் காட்டி, கடைசியில் 'அப்புறம் வரேன்' என்று போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் பொறுமை எனக்கில்லை. வாய்தான் கொஞ்சம் என்று ஏற்கனவே சான்றிதழ் வாங்கியவள் நான். கல்லாவில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் கடையை மூடவைத்துவிடுவேன்.

ஆக, எனக்கு இந்த வேலை வேண்டும். அதற்கு ஒரே வழி, ஃபேக்டரியில் நடக்கப்போகும் பரீட்சார்த்த ஓட்டத்தில் எங்கள் மென்பொருள் தேற வேண்டும். "இது பாஸானா உங்க கன்ஃபர்மேஷனை நான் மேல கொண்டு போறேன். ஆகலைன்னா எனக்கு வாயில்லை," என்றார் அண்ணன். இருக்கிற வாயெல்லாம் என்னிடம்தானே இருக்கிறது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க அலுவலகங்களில் கோப்புகளை நேராக அடுக்கியவர்கள். என்னைவிட எத்தனையோ வயது மூத்தவர். எனக்கும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஓர் ஆசாரம் உண்டு. திரையில் தெரியும் பகுதிக்கு வியூ என்று பெயர். பின்னால் இருந்து கணக்குப் பார்த்து, மெஷினோடு பேசி, எல்லாம் தெரிந்து வைத்திருப்பது வியூ மாடல். வியூ மாடலுக்கு வியூ என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. அதுதான் சாஸ்திரம். வியூவை ஒட்டியே ஒரு கோப்பு உண்டு, கோட் பிஹைண்ட். அதில் ஒரு வரி எழுதினாலும் தீட்டு. அண்ணன் பார்த்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரச் சொல்வார்.

சரி, எக்ஸ் அழுத்தினால் பேனல் மூடுகிறது. அதாவது வியூ போய்விடுகிறது. வியூ மாடலிடம் யார் போய்ச் சொல்வது?

இதை நான் ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"வியூ மாடலுக்கு ஏன் சொல்லணும்? அதுக்கு பேனல்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக்கூடாது," என்றார் அண்ணன்.

"அப்ப மெஷினை யாருண்ணே விடுவா? அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டே இருக்குமே."

"யாரும் பேனலை மூட மாட்டாங்கம்மா. ஏன் மூடணும்? பாக்கத்தானே வச்சிருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆபீஸில் யாரும் எதையும் மூடுவதில்லை. அண்ணன் திரையைப் பார்த்தால் ஃப்ளாட் பால்கனியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். போன வருஷம் திறந்ததுகூட அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். என் திரை மட்டும் என்ன வாழ்ந்தது? மூடாதவர்கள் எழுதி, மூடாதவர்கள் சோதித்து, மூடாதவர்களே பாஸ் போட்ட மென்பொருள் அது.

பரீட்சார்த்த ஓட்டம் தொடங்கியது. காலையெல்லாம் ராஜ நடை. மத்தியானம் ஷிஃப்ட் மாறியதும் படுத்துக்கொண்டது. அடுத்த ஷிஃப்ட்காரர்கள் எந்த மெஷினின் பேனலைத் திறந்தாலும், 'இந்த மெஷின் வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தது. மென்பொருளை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அணைத்துப் போட்டு, திரும்ப ஒவ்வொரு மெஷினையும் பிடிப்பதற்குள் லைன் நின்றுவிடும். ஃபேக்டரியில் லைன் நிற்பது என்றால் கோயிலில் தேர் நிற்கிற மாதிரி. எல்லோரும் ஓடி வருவார்கள், எல்லோரும் கத்துவார்கள், ஒருவரும் தள்ள மாட்டார்கள்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

"நெட்வொர்க் பிரச்சினை," என்றார் அண்ணன்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நெட்வொர்க் ஒரு குலதெய்வம். எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும்.

ஃபேக்டரி எஞ்சினியர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். வெள்ளிக்கிழமை தானே வந்து நின்று பார்க்கப்போவதாகவும், அன்றும் இப்படியே நின்றால் பழைய மென்பொருளே போதும் என்றும் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நெட்வொர்க்கைக் கவனித்து வரும்படி அண்ணன் என்னை அங்கே அனுப்பினார். எனக்கு அப்பா அடித்த ஆணி கண் முன்னால் வந்து போனது.

நீல அங்கி, முடி முழுக்க மறைக்கும் தொப்பி, செருப்பில் ஒரு பட்டை. பிரசவ வார்டுக்குள் போகிற மாதிரி உடுத்தி உள்ளே போனேன். லைன் லீடர் ஓர் அக்கா. ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே அறிவிப்பு மாதிரி இருக்கும்.

"நீதான் இந்த சிஸ்டம் செஞ்ச பொண்ணா?"

"ஆமாக்கா."

"நல்லாதான் இருக்கு. மத்தியானம் வரைக்கும்."

"அதைப் பாக்கத்தான்க்கா வந்திருக்கேன்."

"பாரு, பாரு. கால் வலிச்சா அந்த ஸ்டூல்ல உக்காரு. ஆனா மஞ்சக் கோட்டை விட்டு வெளிய இழுத்துடாத. வாங்கிக் கட்டிக்கிறது நான்தான்."

அங்கே எல்லாவற்றுக்கும் மஞ்சள் கோடு. ஸ்டூலுக்கு ஒரு கட்டம், குப்பைத் தொட்டிக்கு ஒரு கட்டம், மேசை மேல் மவுஸுக்குக்கூட மவுஸ் அளவில் ஒரு கட்டம். நான் உட்கார்ந்தேன். பேனல்கள் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. நெட்வொர்க்குக்கு ஒரு குறையும் இல்லை. ஷிஃப்ட் முடிகிற பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. அக்கா எழுந்தார். மவுஸைப் பிடித்தார். ஒவ்வொரு பேனலாகப் போய் எக்ஸ், எக்ஸ், எக்ஸ் என்று தட்டிக்கொண்டே வந்தார்.

நான் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"அக்கா! என்ன செய்றீங்க?"

"கெமாஸ் பண்றேன் லா. கண்ணு தெரியல?"

கெமாஸ் என்றால் துப்புரவாக ஒதுங்க வைப்பது. மேசையைச் செய்யலாம், அலமாரியைச் செய்யலாம். திரையை யாராவது செய்வார்களா?

"ஸ்கிரீனை எதுக்குக்கா கெமாஸ் பண்றீங்க?"

"ஃபைவ் எஸ் ஓடிட் வருது. மேசை மேல ஒண்ணும் கிடக்கக்கூடாதாம். ஸ்கிரீன் எங்க இருக்கு? மேசை மேலதானே இருக்கு?"

இந்தத் தர்க்கத்தை உடைக்க என்னால் இதுவரை முடியவில்லை.

ஃபைவ் எஸ் என்பது ஃபேக்டரியின் சுத்த விதி. மாதத்துக்கு ஒருமுறை ஓடிட் என்று மார்க் போட ஆள் வரும். முதலில் வருகிற லைனுக்குக் கேக். "போன மாசம் பக்கத்து லைன் கேக் வெட்டுச்சு," என்றார் அக்கா, கடைசி பேனலைச் சாத்திக்கொண்டே. "நாங்க கையத் தட்டிக்கிட்டு நின்னோம். எதனால தெரியுமா? மவுஸ் கோட்டுக்கு வெளிய ஒரு விரல் தள்ளி இருந்துச்சாம். இந்தத் தடவை ஸ்கிரீனே பளிச்சுன்னு வச்சுட்டுப் போறேன், யாரு கேக் தின்றான்னு பாக்குறேன்."

ஈரத் துணியால் திரையைத் துடைத்தார். மவுஸைக் கட்டத்துக்குள் வைத்தார். பஸ்ஸுக்குப் போய்விட்டார். திரை பளிச்சென்று காலியாக இருந்தது. அந்தக் காலித் திரைக்குப் பின்னால், மூடியதை யாருமே சொல்லாததால், அத்தனை வியூ மாடலும் ஆளுக்கொரு மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆள் எழுந்து போனது அடுப்படிக்குத் தெரியாமல், காலி மேசைக்கு மீ கோரெங் தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருக்கிற மாதிரி. அடுத்து வந்து உட்கார்கிறவனுக்குத் தட்டு வைக்க இடமில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி அண்ணனிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றித் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"மூட வேணாம்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமே."

"என்னண்ணே, நிஜமாவா?"

"யூசர் டிரெயினிங்மா."

நான் கடமையுணர்ச்சியோடு ஒட்டினேன். மலாயில், பெரிய எழுத்தில், 'ஜாங்கான் தூத்தூப்', மூடாதே. அக்கா வந்தார், படித்தார், நகத்தால் சுரண்டி எடுத்தார், என் அங்கியின் மார்பில் ஒட்டிவிட்டார்.

"அனுமதி இல்லாத லேபிள் ஒட்டுனா ரெண்டு மார்க் போயிடும். இதை நீயே வச்சுக்க, உனக்குத்தான் தேவைப்படும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஸ்டிக்கரோடேயே வெளியே நடந்தேன்.

யூசருக்குப் பயிற்சி கொடுக்கும் படலம் இப்படி முடிந்ததால், மென்பொருளுக்கே பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தேன். விஷயம் பெரிதில்லை. பேனல்களைத் தாங்கும் கன்ட்ரோல், எக்ஸ் அழுத்தியதும் இரண்டு முறை குரல் கொடுக்கும். முதலில் 'மூடப் போகிறேன்', பிறகு 'மூடிவிட்டேன்'. முதல் குரல் வரும்போது வேண்டாம் என்று தடுக்கலாம். இரண்டாவது வரும்போது மூட்டை கட்டலாம். அந்தக் குரலைக் கேட்டு வியூ மாடலிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். கோட் பிஹைண்டில் ஐந்து வரி எழுதினேன். வேலை செய்தது. அண்ணனுக்கு அனுப்பினேன்.

"கோட் பிஹைண்ட்ல எழுதியிருக்கீங்க," என்றார், வீட்டுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்க்கிற மாதிரி.

"வேலை செய்யுதுண்ணே."

"அது ஓகே. ஆனா கோட் பிஹைண்ட்ல எழுதியிருக்கீங்க."

"வெள்ளிக்கிழமை வருதுண்ணே."

"வெள்ளிக்கிழமை வரும் போகும்மா. கோட் அப்படியே இருக்கும்."

என் வேலையும் அந்த வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து போகும் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே ஐந்து வரியைத் தூக்கி, தனியாக ஒரு கோப்பில் போட்டு, 'பிஹேவியர்' என்று ஒரு கௌரவமான பெயர் வைத்து, வியூவில் அதைக் கொண்டுபோய் ஒரு வரியில் மாட்டினேன். மூடும் குரல் வந்தால் பிஹேவியர் கேட்கும். வியூ மாடலிடம் மூடலாமா என்று கட்டளை வழியாகக் கேட்கும். சரி என்றால் மூடவிடும். மூடியதும் மெஷினை விடு என்று சொல்லும். வியூ மாடலுக்கு வியூ முகம் தெரியாது. தீட்டுப் பாத்திரத்தைக் கழுவி மஞ்சள் தடவி அதே சோற்றை வைத்த மாதிரி. அண்ணன் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? இதுதான் அழகு."

நான் அழகை ரசிக்கிற நிலையில் இல்லை. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். ஷிஃப்ட் பாட்டு வந்தது. அக்கா முதல் எக்ஸை அழுத்தினார். திரையில் ஒரு பெட்டி: குறிப்பு சேமிக்கப்படவில்லை, மூடலாமா? ஆம், இல்லை. அக்கா 'ஆம்' தட்டினார். அடுத்த பேனல். மறுபடியும் பெட்டி. அடுத்ததுக்கும் பெட்டி.

"ஏய் தங்கச்சி! நான் என்ன கல்யாணமா கட்டிக்கப் போறேன், இத்தனை வாட்டி சம்மதம் கேக்குது?"

"தெரியாம மூடிடக் கூடாதுன்னுதான்க்கா..."

"தெரிஞ்சுதான் லா மூடுறேன்! பஸ் போயிருச்சுன்னா நீ என்னை ஆயர் ஈத்தாம் வரைக்கும் தூக்கிட்டுப் போவியா?"

பஸ் போய்விட்டது. என் பழைய கெரேத்தாவில் அவரை ஏற்றிக்கொண்டு, வேலை விடும் நேரத்து நெரிசலில் ஆயர் ஈத்தாம் வரை ஓட்டினேன். அக்கா வழிநெடுகப் பேசினார். மகள் படிப்பு, ஃப்ளாட் லிஃப்ட், மேனேஜர் தலைமுடி, பக்கத்து லைனின் கேக். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "எக்ஸ் அடிச்சா போயிரணும் தங்கச்சி. விருந்தாளி மாதிரி வாசல்ல நின்னு பேசக்கூடாது," என்றார். வழிநெடுகப் பேசிவிட்டு, இப்போது என் கார் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். பின்னால் மோட்டார்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை சம்மதம் கேட்கும் பெட்டியைத் தூக்கினேன். எழுதிய குறிப்பு இருந்தால் கேட்காமலே சேமித்துக்கொள்ளும். ஒரே ஒரு சமயத்தில் மட்டும் மூட மறுக்கும்: மெஷினுக்குள் போர்டு பாதிச் சோதனையில் இருந்தால். அந்த நேரத்தில் விட்டால் போர்டு வீண். அண்ணன் அதைப் படித்துவிட்டு, "இது கொஞ்சம் ரிஸ்க் இல்ல?" என்றார். ரிஸ்க்தான். எக்ஸ் அடித்தால் போயிரணும் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தவள், போகாது என்று எழுதிக்கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு அக்காவின் பின்னால். அண்ணன் அவர் பக்கத்தில், கண்ணாடியைத் துடைத்தபடி. நான் மஞ்சள் கோட்டுக்குள். பாட்டு வந்தது. அக்கா மவுஸைப் பிடித்தார். எக்ஸ். அந்த மெஷினின் மேலிருந்த விளக்கு நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது: விட்டுவிட்டது. எக்ஸ், பச்சை. எக்ஸ், பச்சை. வரிசை நெடுக மரத்தில் விளக்குப் போட்ட மாதிரி பச்சையாகிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசி பேனலில் எக்ஸ். நீலம். மறுபடி எக்ஸ். நீலம்.

எஞ்சினியர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கல்லாவுக்குப் பின்னால் அந்த ஆணியில் என் பேக் தொங்கி ஆடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இது என்னா, போக மாட்டேங்குது?" என்றார் அக்கா.

பேனலின் கீழே ஒரு வரி வந்திருந்தது: சோதனை நடக்கிறது. அக்கா எட்டி மெஷினைப் பார்த்தார். உள்ளே நிஜமாகவே ஒரு போர்டு, பாதியில்.

"அடோய், ஆமா லா. இன்னும் முடியல." மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். "பரவால்ல, கண்ணு இருக்கு இதுக்கு."

எஞ்சினியர் குனிந்து அந்த வரியைப் படித்தார். மெஷினைப் பார்த்தார். அடுத்த ஷிஃப்ட்காரப் பெண்ணை அழைத்து மற்ற பேனல்களைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் திறந்தது. 'வேறொருவர் பயன்பாட்டில்' என்று ஒன்றும் சொல்லவில்லை. லைன் நிற்கவில்லை. "ஓகே," என்றார். அவர் அகராதியில் அது ஒரு கவிதை. போய்விட்டார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமையே மேல கொண்டு போறேன்மா. நிரந்தரம்தான், கவலைப்படாதீங்க. கோட் பிஹைண்ட்ல ஒரு வரிகூட இல்லைன்னு அதையும் சேர்த்துச் சொல்லிடுறேன்."

"அதை முதல்ல சொல்லுங்கண்ணே. அதுக்குத்தான் லைன் ஓடுது."

அவர் தலையாட்டினார். கிண்டல் அவருக்குள் போக வழியே கிடையாது; தண்ணீர் புகாத மனிதர்.

திரும்பிப் பார்த்தால், அக்கா இன்னும் மவுஸோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஷிஃப்ட் திறந்ததையெல்லாம் தன் பங்குக்கு மறுபடி சாத்தச் சொல்லிவிட்டு, மூட மறுத்த அந்த ஒரே பேனலைப் பிடித்துத் திரையின் இடது கீழ் மூலைக்கு இழுத்தார். இன்னும் இழுத்தார். பேனல் முழுக்கத் திரைக்கு வெளியே போய், எக்ஸ் குறி மட்டும் ஓரத்தில் எலிவால் மாதிரி எட்டிப் பார்த்தது.

"இப்ப கெமாஸ்," என்றார். துணியால் ஒரு துடை துடைத்தார். பஸ்ஸுக்கு ஓடினார்.

நிரந்தர ஊழியராக என் முதல் வேலை என்னவாக இருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். அப்பா வாடிக்கையாளர் ஒருவருக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"என்ன ஆச்சு?"

"நிரந்தரம்தானாம்பா."

"ம்." புடவையின் தலைப்பை எடுத்துக் காட்டினார். வாடிக்கையாளர் அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார். அப்பா மடித்தார், மெதுவாக, ஓரம் ஓரமாக. "அப்ப ஆள் பாக்கணும்," என்றார். பிறகு வாசலில் சாத்தி வைத்திருந்த குடையை எடுத்து உதறி, கல்லாவுக்குப் பின்னால் போய் அந்த ஆணியில் மாட்டினார்.

"சனிக்கிழமை லீவுதானே உனக்கு?"

"அப்பா!"

"கேக்கக்கூட கூடாதா லா?"